இரண்டு பானை

தேயா ஊருக்குச் சமாதானம் கற்றுக்கொடுக்க வந்த வண்டியிலிருந்து முதலில் இறங்கியவை இரண்டு மூட்டை மக்காச்சோள மாவும் ஒரு மூட்டைப் பயறும்தான். அப்புறம் ஒரு தகரம் எண்ணெய். அதற்கப்புறம்தான் வாத்தியார் கிதேகா இறங்கினார். மூட்டைகள் இறங்கும்வரை மாமரத்தடியில் கூட்டம் நன்றாகவே இருந்தது. வாத்தியார் பையைத் திறந்து பெரிய பெரிய வெள்ளைத் தாள்களை எடுத்ததும் ஆண்களில் பாதிப் பேருக்கு வயலில் வேலை கிடப்பது ஞாபகம் வந்துவிட்டது.

"மூணு நாளும் மத்தியானச் சாப்பாடு உண்டு," என்றார் கிதேகா.

ஞாபகம் வந்தது மறுபடி மறந்துபோயிற்று. எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

ஊர் என்று சொல்லிக்கொள்ள அப்போது அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. பட்டாளத்துக்கும் காட்டுக் கலகக்காரர்களுக்கும் நடந்த சண்டையில் பதினோரு வருஷம் முகாமில் கிடந்துவிட்டு ஜனங்கள் திரும்பி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. குடிசைகளின் கூரைப்புல் இன்னும் நிறம் மங்கவில்லை. அப்பன் பாட்டன் கொத்திய நிலத்தில் ஆள் உயரத்துக்குப் புல் நின்றது. எல்லைக்கு அடையாளமாயிருந்த மரங்களைப் பட்டாளத்துக்காரர்கள் கரிக்கு வெட்டித் தீர்த்திருந்தார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் பவினோ குலம், அந்தப் பக்கம் பக்கேரோ குலம். நடுவில் ஒரு துண்டு நிலம் யாருடையது என்பதில் மண்வெட்டிகள் ஓங்கி, ஒருத்தன் தோளில் ஒன்பது தையல் போட்டுக்கொண்டு வந்தான். அதைக் கேள்விப்பட்ட மேலிடம் அனுப்பியதுதான் இந்த மூணு நாள் பயிற்சி.

"சமைக்க ரெண்டு பேர் வேணும். குலத்துக்கு ஒருத்தர்," என்றார் வாத்தியார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் பவினோ குலத்துப் பெரியவர் லதிகோ. "எங்க பக்கம் லன்யேரோ. உங்க பக்கம் அச்சிரோ. முகாமுல ஒரு கூரைத் தண்ணி இன்னொரு கூரையில சொட்டும், அவ்வளவு பக்கத்துல குடியிருந்தவளுங்க. பத்து வருஷம் ஒரே அடுப்பு."

எல்லோரும் கை தட்டினார்கள். அச்சிரோ இடுப்பில் செருகியிருந்த சின்ன ரேடியோவை இறுக்கிக்கொண்டு எழுந்து வந்து லன்யேரோவின் தோளில் இடித்தாள்.

"பாத்தியா நியேகோம்மா! நீ எவ்வளவு நழுவுனாலும் நம்ம ரெண்டு பேரையும் ஒரே அடுப்புல தள்ளிட்டானுங்க. இனி எங்கடி ஓடுவ?"

லன்யேரோ சிரித்துவைத்தாள். எள் அறுப்பு முடிந்து நாலு மாதமாக அவள் அச்சிரோ கை பட்ட எதையும் வாயில் வைத்ததில்லை. தன் கை பட்டது எதையும் அவளுக்குக் கொடுத்ததும் இல்லை.

எள் அறுப்பில் நடந்தது இதுதான். லன்யேரோவும் மகன் நியேகோவும் அறுத்த செடிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி வெயிலில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நல்ல உச்சி நேரம். ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து அச்சிரோ அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கும் எள்ளும் நிலக்கடலையும் சேர்த்து அரைத்த விழுதும் கொண்டு வந்தாள். நியேகோவின் பங்கை அவன் கையிலேயே கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு நின்றான். பிறகு கிழங்கை இலையோடு கீழே வைத்துவிட்டு வயலின் அந்தக் கோடிக்கு நடந்துபோனான்.

அச்சிரோ போன பின்னால் லன்யேரோ மகனைப் பிடித்து உலுக்கினாள். "என்னடா திமிரு? நீ முகாமுக்குத் திரும்பி வந்து காய்ச்சல்ல கிடந்தப்போ கஞ்சி ஊத்துன கை அது!"

"அதனாலதாம்மா."

"அதனால என்ன?"

"அந்தக் கஞ்சியக் குடிச்ச மூணாம் மாசம் அச்சிரோ சின்னம்மாவோட குட்டிப் பொண்ணு செத்துச்சு."

"அம்மை போட்டுச் செத்துச்சு."

"ஆமா. எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க."

பிறகு அரிவாளைத் தரையில் கீறிக்கொண்டே சொன்னான். அவனும் அச்சிரோவின் மகன் ஒபிதாவும் பள்ளிக்கூடம் போகும் பாதையில் ஒரே நாள் கலகக்காரர்களிடம் பிடிபட்டவர்கள். இரண்டு பேருக்கும் பதின்மூன்று வயது. காட்டுக்குப் போன நாலாவது மாதம் ஒபிதா ஓடப் பார்த்தான். பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"இவன் ஊர்க்காரன் யாருன்னு கேட்டாங்கம்மா. யாரும் வாயத் திறக்கல. ஒபிதாதான் என்னைப் பாத்தான். தெரிஞ்ச முகம்னு பாத்தான். அதை அவங்க பாத்துட்டாங்க. கட்டையை எங்கிட்டக் குடுத்தாங்க."

லன்யேரோ எள் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். மகன் திரும்பி வந்தபோது தீட்டுக் கழிய முட்டையை மிதிக்கவைத்து, எல்லோரும் கட்டிப்பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டார்கள். அச்சிரோதான் முதல் ஆளாகக் கேட்டாள், "என் பிள்ளையப் பாத்தியாய்யா?" என்று. "வேற வேற கூட்டமாப் பிரிச்சுட்டாங்க சின்னம்மா," என்று இவன் சொன்னான். அன்றிலிருந்து அச்சிரோவுக்கு அதுதான் தெம்பு. வேறு கூட்டம் என்றால் எங்கேயோ இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? திரும்பி வந்தவர்களின் பேரை வாசிக்கும் ரேடியோ நிகழ்ச்சியை ஒரு நாள் விட்டதில்லை. முகாமிலிருந்து ஊர் திரும்பியபோது தனக்கு ஒரு குடிசையும் மகனுக்கு ஒரு குடிசையுமாக இரண்டு கட்டினாள்.

அந்த ஜனங்களிடம் சில காரியங்களில் விளையாட்டே கிடையாது. ஒரு குலத்தான் கையால் இன்னொரு குலத்தான் செத்தால், அது சண்டையோ குடிவெறியோ கை தவறியதோ, இரண்டு குலத்துக்கும் நடுவில் அன்றோடு சாப்பாடு நின்றுவிடும். ஒரே பானையில் உண்ணக்கூடாது. ஒரே சுரைக்குடுவையில் குடிக்கக்கூடாது. பெண் கொடுக்கக்கூடாது, எடுக்கக்கூடாது. செய்தவன் ஊரறியச் சொல்லி, அவன் குலம் ஈடு கொடுத்து, இரண்டு தரப்பும் மண்டியிட்டுக் கசப்பு வேர்ச்சாற்றை ஒரே குடுவையில் குடிக்கிற வரைக்கும் அப்படித்தான். தெரியாமல் உண்டாலும் தப்பாது. வயிறு வீங்கும், ஆள் உலர்ந்துபோவான், முதலில் குழந்தைகள் போகும். படித்தவர்கள் இதற்குச் சிரிக்கலாம். லன்யேரோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முதல் அச்சிரோ எதைக் கொண்டுவந்தாலும் வயிறு சரியில்லை என்றாள், கோயிலில் நேர்ச்சை என்றாள், பல்வலி என்றாள். சொல்லிவிட்டால் மகன் என்ன ஆவான் என்று தெரியாது. சொல்லாவிட்டால் யார் வீட்டுக் குழந்தை அடுத்தது என்று தெரியாது. நாலு மாதமாக அவள் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

முதல் நாள் விடியும்போதே அவள் மாமரத்துக்குப் பின்னால் ஆறு கல்லைப் போட்டு இரண்டு அடுப்பு கூட்டினாள்.

"எதுக்குடி ரெண்டு?" என்று கேட்டாள் அச்சிரோ.

"அறுபது பேரு. ஒரு பானையில எப்பக் களி கிண்டி எப்பப் போடறது? நீ உங்காளுகளுக்குக் கிண்டு, நான் எங்காளுகளுக்குக் கிண்டறேன். சீக்கிரம் ஆயிரும்."

"நெலத்தத்தான் பிரிச்சுக்கிட்டாங்கன்னு பாத்தா, நீ பானையவும் பிரிக்கிற!"

அச்சிரோ சொன்னது வேடிக்கைக்குத்தான். இருந்தாலும் லன்யேரோ முகத்தைப் புகைக்குள் திருப்பிக்கொண்டாள்.

கோடையின் கடைசி. புல்லுக்கு வைத்த தீயின் கரி காற்றில் பறந்து மாவில் விழுந்தது. மழை வருகிற மாதிரி மேகம் கூடும், மத்தியானத்துக்குள் கலைந்துபோகும். இரண்டு பேரும் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, பானையின் காதைக் கால்விரலால் அழுத்திக்கொண்டு களி கிண்டினார்கள். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. கிண்டுகிற இடத்திலிருந்து பயிற்சி நன்றாகவே கேட்டது.

கிதேகா டவுனில் வளர்ந்த பிள்ளை. நல்ல மாதிரி. யாரையும் தாழ்த்திப் பேசமாட்டார். ஆனால் எதைச் சொன்னாலும் முதலில் தாளில் எழுத வேண்டும் அவருக்கு. உயிர் வாழும் உரிமை, நிலத்துக்கான உரிமை, நடமாடும் உரிமை என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனார்.

"வாத்தியாரே, ஒரு சந்தேகம்," என்றார் லதிகோ. "இந்த உரிமையெல்லாம் முன்னாடியே இருந்துச்சா, இப்பத்தான் வந்துச்சா?"

"பொறக்கும்போதே எல்லாருக்கும் இருக்குதுங்க ஐயா."

"அப்ப எங்களை முகாமுக்கு அடிச்சு ஓட்டுனப்போ அது எங்க போயிருந்துச்சு?"

"அது மீறப்பட்டதுங்க ஐயா."

"மீறுனவனுக்கு இந்தத் தாளைக் காமிச்சீங்களா? இல்ல, அடி வாங்குனவனுக்கு மட்டுந்தான் பயிற்சியா?"

சிரிப்பு வெகு நேரம் அடங்கவில்லை. கிதேகாவும் சிரித்தார். அன்று சாப்பாடு நல்லபடியாக முடிந்தது. பவினோக்காரர்கள் ஒரு பானையில், பக்கேரோக்காரர்கள் ஒரு பானையில். சீக்கிரம் பரிமாறியதற்கு வாத்தியார் இரண்டு பேரையும் பாராட்டினார்.

இரண்டாம் நாள் புளிச்சக்கீரை. அச்சிரோ கீரை ஆக்குவதில் கெட்டிக்காரி; கடலை விழுதைக் கரைத்து ஊற்றுகிற பக்குவம் அவளுக்குத்தான் கைவரும். தன் பானையை இறக்கிவிட்டு, அதே அகப்பையோடு வந்து லன்யேரோவின் பானையில் விட்டு ருசி பார்க்கப் போனாள். லன்யேரோ பாய்ந்து அகப்பையைத் தட்டிவிட்டாள். அது சாம்பலில் போய் விழுந்தது.

அச்சிரோ குனிந்து அதை எடுக்கவில்லை. "என் கையி என்ன சாணியா?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்படியில்லடி ஒபிதாம்மா..."

"வயிறு சரியில்லன்ன, நம்பினேன். நேர்ச்சைன்ன, நம்பினேன். பல்லுவலின்னு சொல்லிக்கிட்டே சோளம் கடிச்சுத் தின்ன, அதையும் பாத்துட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன். உம் பிள்ளை திரும்பி வந்துட்டான், எம் பிள்ளை வரல. அதுக்காக என் வீட்டுத் துரதிர்ஷ்டம் சாப்பாட்டுல ஒட்டிக்கிட்டு வரும்னு பயப்படறியா?"

"சத்தியமா அது இல்ல."

"வேற என்ன? சொல்லேன். பத்து வருஷம் என் அடுப்புல தின்னவதான, சொல்லேன்."

லன்யேரோ சாம்பலிலிருந்து அகப்பையை எடுத்துக் கழுவப்போனாள்.

அன்று சாப்பாடு முடிந்து கிதேகா புதுத் தாளில் எழுதினார்: காணாமல் போனவர்களைப் பற்றி உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை. அதைப் படித்துக் காட்டியதும் அச்சிரோ எழுந்து நின்றாள்.

"அதை இன்னொரு தடவை சொல்லுங்க வாத்தியாரே."

அவர் சொன்னார்.

"அப்ப எம் பிள்ளை இருக்கானா இல்லையான்னு தெரிஞ்சுக்க எனக்கு உரிமை இருக்குது?"

"இருக்குதும்மா. சட்டத்துலயே இருக்கு."

"யாராவது தெரிஞ்சு வெச்சுக்கிட்டுச் சொல்லாம இருந்தா?"

"அதுவும் மீறல்தாம்மா. உங்க உரிமைய அவங்க புடுங்கி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

"எம் பிள்ளை பேரு ஒபிதா. அதுல எழுதுங்க."

கிதேகா எழுதினார். அச்சிரோவுக்குப் படிக்கத் தெரியாது. கிட்டே போய் அந்த எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற லன்யேரோவுக்கு, தேய்த்துக்கொண்டிருந்த பானையை அங்கேயே போட்டுவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

பொழுது சாய்வதற்குள் செங்கல் குழிக்குப் போனாள். நியேகோ முட்டிவரை சேற்றில் நின்று மண் மிதித்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயதில் முதுகில் ஒரு நூல் சதை கிடையாது. காலையிலிருந்து அறுத்த கற்கள் வரிசையாகக் காய்ந்தன. பயிற்சி நடந்த பக்கமே அவன் தலை காட்டவில்லை.

"நாளைக்குக் கிடா அடிக்கறாங்கடா," என்றாள். "வாத்தியாரு ஒரே தட்டுல வெச்சு ரெண்டு குலமும் கைபோட்டுத் தின்னணும்னு சொல்றாரு. போட்டோ புடிப்பாராம். ரெண்டு பானை வேண்டாம்னுட்டாரு."

நியேகோ மிதிப்பதை நிறுத்தவில்லை.

"லதிகோ பெரியப்பா வழக்கப்படி கேப்பாரு. நம்ம நடுவுல ஏதாச்சும் இருக்கான்னு மூணு தடவை கேப்பாரு. யாரும் பேசலைன்னா எல்லாரும் தின்னுருவாங்க. பிள்ளைங்களும் தின்னும்டா."

"நீ சொல்லிராதம்மா."

"அப்புறம்?"

"நான் வர்றேன். நான்தான் சொல்லணும். பெரியப்பா கேக்கும்போது நான் அங்க நிப்பேன்."

"நிப்பியா?"

"நிப்பேன்."

அவன் குரல் சின்ன வயதில் இருந்த மாதிரியே இருந்தது. அவள் அவனுக்கு முதுகு காட்டி நின்று அழுதுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மூன்றாம் நாள் இரண்டு பெண்களும் ஒரு வார்த்தை பேசாமல் சமைத்தார்கள். அச்சிரோ விறகு தள்ளினாள், லன்யேரோ கிண்டினாள். கிடாக்கறி கொதிக்கிற வாசனைக்கு எங்கெங்கேயோ இருந்த பிள்ளைகளெல்லாம் வந்து கூடிவிட்டார்கள். லன்யேரோ கிண்டிக்கொண்டே செங்கல் குழிப் பாதையைப் பார்த்தாள். கறி வெந்தது. பாதையில் யாருமில்லை. களி இறங்கியது. யாருமில்லை. ஒரு மாட்டுவண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஒரு எனாமல் தட்டை வாத்தியார் டவுனிலிருந்து கொண்டுவந்திருந்தார். அதில் களியைக் குவித்து, நடுவில் குழித்துக் கறியை ஊற்றி, இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு போய் மாமரத்தடியில் வைத்தார்கள்.

அப்போதுதான் அவனைப் பார்த்தாள். தூரத்தில், எரிந்த புல்வெளியின் விளிம்பில் நியேகோ நின்றுகொண்டிருந்தான். சேறு காய்ந்த கால்கள். வருகிற மாதிரி இரண்டு எட்டு வைத்தான். பிறகு உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான். எழுந்திருக்கவில்லை.

"ஒவ்வொரு குலத்துலயும் ஒருத்தர் முதல்ல கை வைக்கட்டும்," என்றார் கிதேகா, கேமராவைச் சரிசெய்தபடி. "பவினோவுக்குப் பெரியவர் லதிகோ. பக்கேரோவுக்கு நம்ம அச்சிரோ அம்மா."

அச்சிரோ கையைக் கழுவிக்கொண்டு வந்து மண்டியிட்டாள். எதிரில் லதிகோ உட்கார்ந்தார். இத்தனை நாள் கேலி பேசிய மனுஷன் முகத்தில் இப்போது கேலி இல்லை.

"ரெண்டு குலமும் கேளுங்க," என்றார். "ஒரே தட்டுல கை வைக்கப் போறோம். நம்ம நடுவுல ரத்தம் இருக்கா?"

யாரும் பேசவில்லை.

"ரெண்டாந்தரம் கேக்கறேன். தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

பக்கேரோ பக்கத்தில் ஒரு குழந்தை கறிக்குச் சிணுங்கியது. அதன் தாய் அதட்டினாள்.

"மூணாந்தரம். இல்லைன்னா, சாப்பிடுவோம்."

அச்சிரோவின் கை தட்டுக்கு மேலே வந்தது. குழந்தையும் தாயின் மடியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் வந்து கையை நீட்டியது. லன்யேரோ இரண்டே எட்டில் போய்த் தட்டின் விளிம்பைப் பிடித்துத் தூக்கிக் கவிழ்த்தாள்.

களியும் கறியும் புழுதியில் கொட்டின. சூடான குழம்பு லதிகோவின் முழங்காலில் தெறித்தது. அவர் அசையவில்லை.

"என்னம்மா பண்றீங்க! பைத்தியமா உங்களுக்கு?" என்று கிதேகா ஓடிவந்தார். "எத்தனை பேரு சாப்பாடு! இதுக்குத்தானே மூணு நாளா..."

"நீ தள்ளிப் போ தம்பி," என்றார் லதிகோ.

"ஐயா, இவங்க..."

"தள்ளிப் போன்னு சொல்றேன்ல."

வாத்தியாருக்கு விளங்காதது ஜனங்களுக்கு விளங்கிவிட்டது. இரண்டு குலத்துக்கு நடுவில் இருக்கிற சாப்பாட்டை ஒரு பெண்பிள்ளை எதற்காகக் கொட்டுவாள்? காரணம் ஒன்றுதான். யாரும் சொல்லாமலே கூட்டம் பிரிந்தது. தாய்மார்கள் பிள்ளைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். புழுதியிலிருந்து கறித்துண்டை எடுத்த ஒருத்தனின் கையைத் தட்டிவிட்டார்கள். இந்தப் பக்கம் பவினோ, அந்தப் பக்கம் பக்கேரோ. நடுவில் கவிழ்ந்த தட்டும் மண்டியிட்டபடி அச்சிரோவும் மட்டும்.

அவள் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. லன்யேரோவை அண்ணாந்து பார்த்தாள். அகப்பை, பல்வலி, நேர்ச்சை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அந்த முகத்தில் கூடிவருவதை லன்யேரோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க கெடக்கான்?" என்று கேட்டாள் அச்சிரோ.

யார் என்று கேட்கவில்லை. எப்படி என்று கேட்கவில்லை.

"ஆஸ்வா ஆத்துக்கு அந்தப் பக்கம். ஒரு புளியமரத்தடியில. மேல கல்லு வெச்சுட்டு வந்தானாம். கல்லு வெச்சதுக்கு அடிச்சாங்களாம்."

"யாரு வெச்சது?"

லன்யேரோவின் கண் தானாகப் புல்வெளிப் பக்கம் போனது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நியேகோ அங்கேயே உட்கார்ந்திருந்தான். அச்சிரோ வெகுநேரம் அவனையே பார்த்தாள்.

"அவன் கையா?"

"அவன் கையில குடுத்தாங்கடி. பதிமூணு வயசுடி அவனுக்கு."

"எம் பிள்ளைக்கும் பதிமூணுதான்."

பக்கேரோ பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. ஒருத்தன் பெண்கள் கொண்டுவந்திருந்த விறகுக் கட்டையைக் கையில் எடுத்தான். லதிகோ எழுந்து புல்வெளிக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றார். அச்சிரோ திரும்பிப் பார்க்காமலே, "அதைக் கீழ போடு," என்றாள். அவன் போட்டுவிட்டான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"எள் அறுப்புல."

"நாலு மாசம்." அவள் விரலை மடக்கி எண்ணினாள். "நாலு மாசமும் நான் உங்கிட்ட ரேடியோல என்ன சொன்னாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். நீயும் கேட்டுக்கிட்டே இருந்த."

"ஆமா."

"அப்ப அந்தக் கஞ்சி? முகாமுல அவனுக்கு நான் ஊத்துன கஞ்சி?"

அச்சிரோ தன் குட்டிப் பெண்ணின் பேரை ஒரு தடவை சொன்னாள். அப்புறம் எழுந்து மாமரத்துக்குப் பின்னால் போய்த் தன்னுடைய பானை, தன்னுடைய துடுப்பு, தன்னுடைய அகப்பை மூன்றையும் எடுத்துக்கொண்டு ஓடையை நோக்கி நடந்தாள். அவள் குலத்தார் பின்னால் போனார்கள். அழுகை ஓடையைத் தாண்டிய பிறகுதான் கேட்டது. கேட்டதும் பவினோ பெண்களும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதார்கள்.

கிதேகா பெட்டி நிறையப் பயிற்சிச் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். "ஐயா, அறிக்கையில நான் என்ன எழுதறது?" என்று லதிகோவிடம் கேட்டார்.

லதிகோ முழங்காலில் கொப்பளித்த இடத்தை ஊதிக்கொண்டிருந்தார். "தெரிஞ்சுக்க உரிமை இருக்குன்னு நேத்து எழுதுனீங்கல்ல? தெரிஞ்சுக்கிட்டாங்கன்னு எழுதுங்க."

அன்று பொழுது சாயும்போது நியேகோ வீட்டுக்கு வந்தான். லதிகோவும் குலத்து ஆண்களும் வந்து முற்றத்தில் உட்கார்ந்து, ஈடு எத்தனை மாடு வரும், யார் யாரிடம் என்ன இருக்கிறது என்று பேசிவிட்டுப் போனார்கள். முகாமிலிருந்து வந்தவர்களிடம் மாடு ஏது? பேசுவதற்கு அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை.

மறுநாள் காலையில் வருஷத்தின் முதல் மழை லேசாகத் தூறி நின்றிருந்தது. மண் வாசனைக்கு ஊரில் எல்லோரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். லன்யேரோ நனைந்த செங்கற்களின் மேல் புல் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். பாதையில் ஆள் நிற்பது தெரிந்து நிமிர்ந்தாள்.

அச்சிரோ நின்றிருந்தாள். பாதைக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுகொண்டாள். ஒரு மண்வெட்டியும் ஒரு புதுத் துணியும் வைத்திருந்தாள். இடுப்பில் ரேடியோ இல்லை.

"எத்தனை நாள் நடக்கணும்?"

"ரெண்டு நாள்ங்கறான்."

"எங்காளுங்க மூணு பேரு வர்றாங்க. நானும் வர்றேன். அவன் மேல யாரும் கை வைக்க மாட்டாங்க, நான் பாத்துக்கறேன். எடத்தக் காமிக்கச் சொல்லு. அது போதும்."

"வருவான்."

"நேத்தும் வருவேன்னுதான் சொல்லியிருப்பான்."

லன்யேரோ தலையைக் குனிந்துகொண்டாள். அச்சிரோ மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டாள். போகப்போகிறவள் மாதிரி திரும்பினாள். போகவில்லை.

"இனிமே கொழாய்க்குக் காலையில நாங்க வர்றோம். வெயில் ஏறுன பின்னால நீங்க வாங்க."

"சரி."

"கசப்புக் குடிக்கிறதப் பத்தியெல்லாம் ஆம்பளைங்க பேசிக்கட்டும். எனக்கு இப்ப எதுவும் தெரியல. உன் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் புடிக்கல."

"தெரியும்."

வீட்டுக்குள்ளிருந்து நியேகோ இருமுகிற சத்தம் கேட்டது. முகாமில் காய்ச்சல் கண்டபோது வந்த இருமல். அது இன்னும் விடவில்லை. அச்சிரோ அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"வழிக்குச் சாப்பாடு கட்டிக் குடுத்து அனுப்பு," என்றாள். "போக வர நாலு நாளைக்கும் சேத்துக் கட்டு. தண்ணிக்குத் தனிக் குடுவை குடு."

"கட்டறேன்."

"கொறைச்சுக் கட்டிராத. சின்னதுலயே அவன் பசி தாங்க மாட்டான். வழியில பசிக்குதுன்னு நின்னான்னா, நான் மறந்துபோயி என்னோடதுலருந்து எடுத்துக் குடுத்துருவேன்டி."

லன்யேரோ உள்ளே போய் அடுப்பு மூட்டினாள்.